பசங்களைக் கவனிக்கும் அண்ணன்மாருக்கு

வணக்கம்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளையின் அப்பா உங்களைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு, கையில் பணத்தைத் திணித்து, "பசங்களைக் கொஞ்சம் கவனிச்சிருப்பா" என்று சொல்வார். வீட்டுக்கு வீடு ஆள் மாறும். ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் அண்ணன், இன்னொரு வீட்டில் தாய்மாமன், சில வீடுகளில் கூடப் படித்த நண்பன். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு பசங்களுக்குக் குடி விருந்து வைக்கக் கிளம்புகிற உங்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் 17 வருஷமாக மேனேஜர். குடியே இல்லாத கல்யாணம்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த மடல் அதற்காக இல்லை. வைப்பது என்று நீங்கள் முடிவு செய்துவிட்ட விருந்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

2023 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். சிறப்பு உரிமம் வாங்கினால் கல்யாண மண்டபத்திலும் மது பரிமாறலாம் என்று அரசு விதியைத் திருத்தியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மண்டபங்களுக்குக் கிடையாது என்று பின்வாங்கிவிட்டார்கள். சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பெண்களும் குழந்தைகளும் படுத்திருக்கும் இடம் அது. அதனால் குடி நின்றுவிட்டதா என்றால், இல்லை. எப்போதும் நடக்கிற இடங்களிலேயே நடக்கிறது: லாட்ஜ் ரூம், தோட்டத்துப் பம்புசெட், மண்டபத்துக்கு எதிரே இருட்டில் நிற்கும் காரின் டிக்கி. ஒளித்து நடப்பதால் அதை நடத்துகிற ஆள் என்று ஒருவர் இருப்பதில்லை. எனக்குப் பயமே அதில்தான்.

நம் பந்தியை நினைத்துப் பாருங்கள். பரிமாறுகிறவர்கள் தனி, பந்தி விசாரிக்கிறவர் தனி. இலை இலையாகப் பார்த்துக்கொண்டே வருவார். சாம்பார் வந்ததா, குழந்தைக்கு அப்பளம் வைத்தார்களா என்று கேட்பார். "அவருக்கு சுகர் இருக்கு, பாயசத்தைக் குறைச்சு ஊத்து" என்பார். கை கழுவிவிட்டு வருகிறவரிடம் "எப்படிப் போறீங்க, பஸ் இருக்கா?" என்று கேட்டுத் தாம்பூலப் பை கொடுத்து அனுப்புவார். இந்த ஊர்ப்பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை இதை. ஆனால் லாட்ஜ் ரூமில் மட்டும், பாட்டிலையும் மிக்சர் பொட்டலத்தையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த ரூமிலும் பந்தி விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அன்று குடிக்கக் கூடாது. பணம் வாங்கியவர் நீங்கள் என்பதால், அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முன் எங்கள் மண்டபத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளையின் நண்பன், 24 வயசு. ராத்திரி ஒரு மணி வரை லாட்ஜில் இருந்துவிட்டு வந்து சாப்பாட்டுக் கூடத்தில் படுத்துத் தூங்கினான். ஐந்து மணிக்கு மாலை வரவில்லை என்று பரபரப்பு. பையன் எழுந்தான், முகம் கழுவினான், சமையல்கட்டில் காபி வாங்கிக் குடித்தான், "நான் போய் எடுத்துட்டு வரேன்" என்றான். பேச்சு தெளிவாக இருந்தது. ஆபீஸ் மேசையில் கிடந்த பைக் சாவியை எடுத்துக் கொடுத்தது நான்தான். பூ மார்க்கெட் போகும் வழியில், நின்றிருந்த லாரியின் பின்னால் மோதினான். இங்கே தாலி கட்டும்போது அவனை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டினான் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. அவனும் நினைக்கவில்லை. தூங்கி எழுந்தால் இறங்கிவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அப்புறம் ஒரு டாக்டரிடம் கேட்டேன். கணக்கை அவர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். பிராந்தி, விஸ்கி எல்லாம் இங்கே 42.8 சதவீதம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லியில், சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. நம் உடம்பு ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். அப்படியானால் ஒரே ஒரு குவார்ட்டர் முழுசாக இறங்க ஆறிலிருந்து எட்டரை மணி நேரம் வரை ஆகும். காபி, மோர், எலுமிச்சைச் சாறு, தலையில் தண்ணீர், எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. தூக்கமும் கூட்டாது. சட்டம் வைத்திருக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். பலருக்கு ஒரு லார்ஜ் போட்டாலே அது தாண்டிவிடும். முதல் தடவை மாட்டினாலே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில் என்று 2019 முதல் இருக்கிறது. அபராதத்தைக் கட்டிவிடலாம். அந்தப் பையனின் அம்மாவை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தவன் நான்.

அதனால் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னாலேயே சாவிகளை வாங்கிவிடுங்கள். பாதியில் கேட்டால் சண்டை வரும். "மச்சான், சாவியைக் கொடு, காலையில தரேன்" என்று முதல் பத்து நிமிஷத்தில் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பான். காலையில் தரேன் என்றால் டிபனுக்கு அப்புறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி வீட்டுக்குப் போயே தீர வேண்டியவர்களை முதலிலேயே கேட்டு வைத்து, குடிக்காத ஒருவர் ஓட்டும் காரையோ ஆட்டோவையோ பேசி வையுங்கள்.

வேன் டிரைவரை மறக்காதீர்கள். நல்ல மனசோடுதான் செய்கிறோம், "டிரைவர் அண்ணனுக்கும் ஒண்ணு ஊத்துப்பா" என்று. பெண் வீட்டார் இருபது பேர் விடியற்காலையில் அந்த வேனில்தான் ஏறுவார்கள். அவருக்குத் தர வேண்டியது வயிறாரச் சாப்பாடும், படுக்க ஒரு பாயும், காற்று வருகிற இடமும்.

சாப்பாட்டை முதலில் வையுங்கள். முடித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சொல்கிறவன் சாப்பிடவே மாட்டான், எத்தனையோ ராத்திரி மீந்த பரோட்டாவை நான் பார்த்திருக்கிறேன். ஊறுகாயும் மிக்சரும் சாப்பாடு ஆகாது. காலி வயிற்றில் போதை வேகமாக ஏறும். தண்ணீர் கேன் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ராவாக அடிப்பது, ஒரே மூச்சில் முடிக்கிறேன் என்று பந்தயம் கட்டுவது இரண்டையும் நீங்கள் நிறுத்தினால்தான் நிற்கும். 21 வயசு ஆகாதவர்களுக்குக் கடையிலேயே விற்கக் கூடாது என்பது விதி. காலேஜ் படிக்கும் தம்பிக்கு "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று நீங்கள் ஊற்றிக் கொடுக்காதீர்கள். குடிக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவனை வற்புறுத்தாமல், அவனுக்கும் நல்லதாக ஒரு ஜூஸ் வாங்கி வையுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கும் மாமா ஒருவர் எந்தக் கூட்டத்திலும் இருப்பார். சாப்பிடாமல் அவர் குடித்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம். வியர்க்கும், உளறுவார், தள்ளாடுவார். பார்க்கிறவர்களுக்குப் போதை மாதிரியே தெரியும். அவருக்கு அருகில் உட்கார்ந்து, கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள்.

டாஸ்மாக் ராத்திரி பத்து மணிக்கு மூடிவிடும். பத்தரைக்கு "பத்தலைடா" என்று ஒரு குரல் வரும். அங்கேதான் உங்களுக்கு வேலை. ஏற்கெனவே குடித்த இரண்டு பேர் பைக்கில் பிளாக்கில் விற்கிற இடம் தேடிப் போவார்கள். அங்கே என்ன பாட்டில், யார் நிரப்பியது என்று யாருக்கும் தெரியாது. 2023இல் மரக்காணம் பக்கமும், 2024இல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை வீட்டைக் காலி பண்ணியது என்று பார்த்தோம். தீர்ந்தது தீர்ந்ததுதான், சாப்பிட்டுப் படுங்கடா என்று நீங்கள் சொல்லிவிடுங்கள்.

இடம் பார்ப்பதும் உங்கள் வேலை. கைப்பிடிச் சுவர் தாழ்வான மொட்டை மாடியும், கிணற்று மேடும் வேண்டவே வேண்டாம். ராத்திரி குடித்துவிட்டுக் கிணற்றில் குதிப்பது இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு விளையாட்டு.

கடைசியாக, "மட்டையாயிட்டான், தூங்கட்டும் விடு" என்று சொல்வோமே, அதைப் பற்றி. மல்லாக்கப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் முட்டியை மடக்கி விடுங்கள், புரள மாட்டான். யாராவது பக்கத்தில் இருந்து மூச்சைப் பாருங்கள். தட்டினாலும் கிள்ளினாலும் எழவில்லை, மூச்சுக்கு மூச்சு நீண்ட இடைவெளி விழுகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, உடம்பு சில்லிடுகிறது, இதில் எது ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கல்யாண வீட்டு மானம் போய்விடும் என்று அந்த நேரத்தில் யோசிக்காதீர்கள். எங்கள் மண்டபத்து வாசலுக்கு ஆம்புலன்ஸ் வந்ததைப் பற்றி இதுவரை ஒருவர்கூட என்னிடம் குறையாகப் பேசியதில்லை.

அட்வான்ஸ் கொடுக்க வரும்போது சமையல், நாதஸ்வரம், ஜெனரேட்டர் டீசல் வரைக்கும் என்னிடம் பேசுகிறீர்கள். இதையும் பேசுங்கள், வெட்கப்பட வேண்டாம். மண்டபத்துக்குள் பாட்டில் வரக் கூடாது, அதில் மாற்றம் இல்லை. ஆனால் ராத்திரி திரும்பி வருகிறவர்கள் படுக்கச் சாப்பாட்டுக் கூடத்தை விரித்துத் தருகிறேன், முப்பது பாய் இருக்கிறது. என் மேசையின் கீழ் இழுப்பறையைச் சாவிகளுக்காகக் காலி பண்ணி வைத்திருக்கிறேன். டோக்கன் போட்டு வாங்கி வைப்பேன், காலை பத்து மணிக்குத்தான் திறப்பேன். விடியற்காலையில் மாலை எடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் வாட்ச்மேன் போவார். அவருக்கு மார்க்கெட்டில் எல்லாக் கடையும் தெரியும், குடிக்கிற பழக்கமும் கிடையாது.

அன்புடன்,
ஒரு கல்யாண மண்டப மேனேஜர்