முழுக்கைச் சட்டை

காவேரிப்பட்டணம்
பிப்ரவரி 8

பாப்பா,

போனில் பேசினால் "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லி முடித்துவிடுகிறாய். பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்திருப்பதால் எனக்கும் கேட்க வந்தது தொண்டையோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் தம்பியிடம் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வேன். அவன் படிக்க மாட்டான், சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

முதலில் படிக்கட்டு. உன் வீட்டு வெளிப்படியில் ஐஸ் கட்டும் என்று போன வருஷம் நீயே சொன்னாய். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில், நல்ல கால் பின்னால். ஊன்றுகோலை அக்குளில் கொடுத்துத் தொங்காதே, பாரம் உள்ளங்கையில் இருக்க வேண்டும். கூட இருக்கும் அந்தப் பஞ்சாபிப் பெண் வீட்டில் இல்லாத நேரத்தில் படி இறங்கவே வேண்டாம்.

நீ அனுப்பிய எக்ஸ்ரேயைக் கிருஷ்ணகிரியில் எலும்பு டாக்டரிடம் காட்டினோம். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு முறிந்திருக்கிறது, உள்ளே கம்பி நேராக உட்கார்ந்திருக்கிறது, மேலேயும் கீழேயும் ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள், நல்ல வேலை செய்திருக்கிறார்கள் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா அன்றைக்குச் சாப்பிட்டார். எலும்பு முழுசாகக் கூடுவதற்கு 4 முதல் 6 மாதம் ஆகுமாம். அங்கே டாக்டர் எவ்வளவு பாரம் வைக்கச் சொல்கிறாரோ அவ்வளவு வை. பயந்துகொண்டு வைக்காமலே இருந்தாலும் தப்பாம். அப்புறம், கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நடுராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். ரத்தம் கட்டியிருக்கலாம் என்றார். ஊசி போடச் சொல்லியிருந்தால் ஒரு நாளும் விடாதே.

இங்கே இருந்திருந்தால் வேலியில் கிடக்கிற பிரண்டையைப் பறித்துத் துவையல் அரைத்திருப்பேன். தினமும் கேழ்வரகுக் களி, ஆட்டுக்கால் சூப். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேலேயே கால்சியம் இருக்கிறது என்று தம்பி பார்த்துச் சொன்னான். உன் ஆயாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, களியைத் தட்டில் போடத் தெரியும். மாவு அங்கே இந்தியக் கடையில் கிடைக்கும், வாங்கு. பிரண்டை மாத்திரை என்று யாராவது சொன்னால் டாக்டரைக் கேட்காமல் வாயில் போடாதே. நிப்பட்டு இரண்டு கிலோ பார்சல் போடுகிறேன், பாதியை அந்தப் பெண்ணுக்குக் கொடு.

டிசம்பரில் நீ அனுப்பிய வீடியோவை இருபது தடவையாவது பார்த்திருப்பேன். சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பலகை மேல் நின்று, கையை விரித்துக்கொண்டு வருகிறாய். கீழே வந்து நின்றதும் சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பைப் பால் ஊற்ற வந்தவளுக்குக் கூடக் காட்டினேன். மாந்தோப்பிலிருந்து போன பெண் பனியில் சறுக்குகிறாள் என்று எனக்குப் பெருமைதான், அதை மறைக்க மாட்டேன். அப்பாவுக்குத்தான் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "ரெண்டு காலையும் ஒரே பலகையில கட்டிக்கிட்டா, விழறப்ப எதை ஊன்றது?" என்றார். இப்போது தம்பியும் அதையே சொல்கிறான். ஸ்கீயில் விழுந்தால் பூட்ஸ் தானாகக் கழன்றுகொள்ளுமாம், உன்னுடைய பலகையில் கழலாதாமே. தெரிந்துதானே போனாய்?

சரி, திட்டவில்லை. விழுவது யாருக்கும் நடப்பதுதான். படி இறங்கும்போது மட்டும் அடிபட்ட கால் முதலில், மறக்காதே.

இரண்டு வாரம் மறைத்திருக்கிறாய், பாப்பா. பொங்கல் கழிந்த சனிக்கிழமை விழுந்திருக்கிறாய். ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் நான்கு தடவை என்னோடு பேசியிருக்கிறாய். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டதற்கு "இங்க குளிர்மா" என்றாய். நானும் ஸ்வெட்டர் போடு, சுடுதண்ணீர் குடி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பர்கூர் பெரியம்மா மகன் உன் தோழி போட்ட படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்காவிட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரிந்திருக்காது. நான்கு நாள் கோபத்தில் இருந்தேன். பெற்றவளிடம் சொல்ல மனசு வராத அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்பாவிடம் அழுதேன்.

அப்புறம் வியாழக்கிழமை வீடியோவில் வந்தாய். நடந்து காட்டு என்று அப்பா சொன்னதும் எழுந்து இரண்டடி வைத்தாய். வலது கை ஊன்றுகோலை நேராகப் பிடித்திருந்தது. இடது கை முழங்கை மடங்கியே நின்றது. அதைச் சமாளிக்க அந்தப் பக்கத் தோளைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். நான் காலைப் பார்க்கவே இல்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கிணற்றோரச் செந்தூரா மரம். உனக்கு ஒன்பது வயது, மே மாதம், காய் பறிக்கிற நேரம். விழுந்து கையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அந்த வருஷம் தோப்பு எடுத்ததில் நஷ்டம், அப்பா எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். பெண்பிள்ளையை மரம் ஏறவிட்டாயா என்று என்னைத்தான் கேட்பார் என்று பயந்தேன். சுளுக்காகத்தான் இருக்கும் என்று உளுந்து மாவும் முட்டையும் குழைத்துப் பத்துப் போட்டேன். "அப்பாகிட்ட சொல்லாத" என்றேன். வீக்கம் தெரியாமல் இருக்கத் தம்பிக்கு எடுத்த முழுக்கைச் சட்டையை உனக்கு மாட்டிவிட்டேன். அந்தச் சட்டையில் நீலக் கட்டம். கைப் பித்தானைப் போடும்போது நீ உதட்டைக் கடித்துக்கொண்டாய், சத்தம் போடவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி மண்டியிலிருந்து வந்த அப்பா, இந்த வெயிலில் எதற்கு முழுக்கைச் சட்டை என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். என்னைப் பார்த்துக்கொண்டே "குளிருதுப்பா" என்றாய்.

ஆறு நாள். ஆறாம் நாள் காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எலும்பு கோணலாகக் கூட ஆரம்பித்துவிட்டது, ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்கள். நேற்றுத்தான் விழுந்தாள் என்று அப்பாவிடம் சொன்னேன். நீயும் ஆமாம் என்றாய். அந்தக் கை இன்று வரை நேராக நீளவில்லை. ஒரு நாளும் நீ அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. வளர்ந்தபின் சரியாகிவிடும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த இரண்டு வாரத்துக்கு உன்னை எப்படிக் கோபிப்பேன், பாப்பா? நான்தானே கற்றுக்கொடுத்தேன்.

நேற்று ராத்திரி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இருபது வருஷம் கழித்து. அவர் ஒன்றும் பேசவில்லை. மோட்டார் போடுகிறேன் என்று எழுந்து போனவர் வெகு நேரம் கழித்துத்தான் வந்தார். வந்து, "அந்த ஊன்றுகோல்ல கைப்பிடிய அவளுக்கு ஏத்த மாதிரி ஏத்தி இறக்க முடியுமான்னு கேளு" என்றார். அங்கே பிசியோதெரபி செய்கிறவரிடம் இடது கையைக் காட்டு. பழைய முறிவு என்று சொல். எப்படி ஆனது என்று கேட்டால் மறைக்காமல் சொல்.

சிவராத்திரி முடிந்து மயானக் கொள்ளைக்கு அங்காளம்மனுக்கு உன் பேரில் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதம் பணம் அனுப்பாதே, மாமரம் நன்றாகப் பூத்திருக்கிறது, சமாளித்துக்கொள்வோம். சம்பளம் பிடிக்கிறார்களா என்பதையும் சொல்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், உனக்குச் சனிக்கிழமை ராத்திரி ஏழரை. அப்பாவும் இருப்பார். எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். வலித்தால் வலிக்கிறது என்று சொல், அவர் எதிரிலேயே சொல்.

அம்மா