ஆண்டறிக்கை 2024-25: திபெத்திய கிராமங்களுக்கு நம்ம மாணவர் சேவைப் பயணம்

உறுப்பினர்கள், பெற்றோர், ஸ்டூடன்ட்ஸ் எல்லாருக்கும் வணக்கமுங்க. ரத்ததான கேம்ப், நோட்டுப்புக் குடுத்தது எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு, அதுக்கு மேல அதப்பத்தி சொல்ல ஒண்ணுமில்ல. இந்த வருஷம் நாம புதுசா ஆரம்பிச்ச வேலையத்தான் கொஞ்சம் விரிவா எழுதியிருக்கேன்.

ஜூன்ல ஒரு தடவ, அக்டோபர் கடைசில ஒரு தடவ, நம்ம காலேஜ் பசங்களோட தோண்டன்லிங் திபெத்தியக் குடியிருப்புக்குப் போயிட்டு வந்தோம். சத்தியமங்கலத்துலருந்து பண்ணாரி, திம்பம் 27 வளைவு ஏறி, ஆசனூர் தாண்டி கொள்ளேகால் ரோட்டுல போனா கர்நாடகா பார்டருக்கு அந்தப்பக்கம் ஒடையார்பாளையாவுல இருக்கு. 1959ல தலாய் லாமா இந்தியாவுக்கு வந்ததுக்கப்பறம், அன்னைக்கு மைசூர் மாநிலமா இருந்த கர்நாடகாதான் திபெத்த விட்டு அகதியா வந்த மக்களுக்கு நெலம் குடுத்துச்சு, மொதல்ல பைலகுப்பே, அப்பறம் முண்டகோடு, ஹுன்சூர், 1974ல இந்த தோண்டன்லிங். அங்க ஜோக்சென் புத்த மடாலயமும் இருக்கு, ஆனா பைலகுப்பேல கோல்டன் டெம்பிள் பாக்கப் போறமாதிரி பாத்துட்டு வர்ற ஊரு இல்லீங்க இது, முழுக்க மானாவாரி மக்காச்சோளக் காடு.

ஜூன் பயணத்துல நாம பண்ணுன தப்ப மறைக்காம எழுதணும்னு கமிட்டியில எல்லாரும் சொன்னாங்க. யாரையும் ஒரு வார்த்த கேக்காம பழைய துணி ஆறு மூட்ட கட்டி எடுத்துட்டுப் போயிட்டோம், அதுல பாதி ஸ்வெட்டர். செட்டில்மெண்ட் ஆபீஸ்ல மரியாதையா வாங்கி ஓரமா வச்சாங்க. அங்க இருந்த ஒரு பெரியவர்தான் அப்பறமா மெதுவா சொன்னாரு, "எங்க பொழப்பே ஸ்வெட்டர் விக்கிறதுதான் தம்பி"ன்னு. குளிர்காலத்துல நம்ம ஊர்கள்ல கூடாரம் போட்டு ஸ்வெட்டர் விக்கிறாங்கள்ல, அந்த மக்கள் இந்த மாதிரி குடியிருப்புகள்லருந்து வர்றவங்கதான். பஞ்சாப்ல இருக்கற லூதியானாவுல கடனுக்கு சரக்கு எடுத்து, மூணு நாலு மாசம் ஊர் ஊரா வித்து, கடன அடச்சு மிச்சம் வர்றதுலதான் வருஷம் ஓடுது. அந்த மூட்டைங்கள நெனச்சா எனக்கு இன்னும் மனசு உறுத்துது.

எப்ப வந்தா உங்களுக்கு ஒத்தாசையா இருக்கும்னு அப்பறம்தான் கேட்டோம், அக்டோபர்ல வாங்கன்னாங்க. சோளம் அறுத்து வீட்டுக்கு வர்ற நேரமும் வியாபாரத்துக்குக் கெளம்புற நேரமும் ஒண்ணா வந்துருது, வயசுப் பசங்க நெறையபேரு வெளிநாட்டுக்கும் பெங்களூருக்கும் போயிட்டாங்க, வீட்டுல மிச்சம் இருக்கிறது தாத்தா பாட்டிதான். கதிரக் காயவைக்கணும், உதிர்க்கணும், ராத்திரி யானை வராம காவல் இருக்கணும், இதெல்லாம் அந்த வயசுல முடியுமாங்க.

அக்டோபர்ல நாலு நாள் தங்கி அந்த வேலையத்தான் செஞ்சோம், பாடம் எடுக்கறது, ஸ்டேஜ் போடறது, போர்டு வைக்கிறது எதுவும் இல்ல. நானும் மூணு பசங்களும் ஒரு மோலா வீட்டுத் திண்ணையில ஒக்காந்தோம், மோலான்னா பாட்டி. கதிர்ல மொத ரெண்டு வரிசைய ஸ்க்ரூ டிரைவரால நெம்பி எடுத்துட்டு கட்டவிரலால தள்ளுனா பக்கத்து வரிசை தானா உதிருது, அத அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. மதியத்துக்குள்ள பசங்களுக்கு வெரல்ல கொப்புளம், அவங்களுக்கு ஒண்ணுமே ஆகல, நடுவுல கைய தொடச்சுட்டு ஜெபமாலைய வேற உருட்டிக்கிட்டாங்க. அப்பறம் உப்பும் வெண்ணெயும் போட்ட டீய ஊத்திக் குடுத்து, "சூடா குடிங்க கண்ணு, ஆறுனா நல்லாருக்காது"ன்னு நல்ல தமிழ்ல சொன்னாங்க பாருங்க, எங்களுக்குப் பேச்சே வரல. 20 வருஷம் நம்ம பக்கம் ஸ்வெட்டர் வித்தவங்களாம். நம்ம பாஷைய அவங்க கத்துக்கிட்டாங்க, நமக்கு வணக்கம் சொல்ற 'தாஷி தெலே' தவிர ஒரு வார்த்த தெரியல.

எனக்கு ரொம்ப நெறஞ்சது ரெண்டாவது நாள் ராத்திரிதான். தாளவாடி பக்கத்துப் பையன் ஒருத்தன் காவலுக்குப் போன தாத்தாகிட்ட யானை விரட்டுறதப்பத்தி பேச ஆரம்பிச்சு, ரெண்டுபேரும் அரைகுறை கன்னடத்துல விடிய விடிய பேசிட்டிருந்தாங்க. சத்தி காடும் பிலிகிரிரங்கன் காடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன காடு, யானைக்கு பார்டர் ஏது. சேவை பண்ணப் போறோம்னு கெளம்புன பையன் தன்னோட காட்டுப் பிரச்சனைய அங்க உக்காந்து புரிஞ்சுக்கிட்டான். இந்தப் பயணத்துக்கு நாம செலவு பண்றது இதுக்குத்தான்னு நான் நெனைக்கிறேன்.

ஒரு குறையும் சொல்லிடறேன். திரும்பும்போது வேன்காரர் லேட் பண்ணுனதால திம்பத்துல ராத்திரி வண்டிய விடுற நேரம் தாண்டிருச்சு, பொம்பளப் புள்ளைங்க உட்பட எல்லாரும் விடிய வரைக்கும் வண்டியிலயே இருந்தோம். பெத்தவங்க பதறிப்போனதுல நியாயம் இருக்கு, இனிமே மதியம் 2 மணிக்கே அங்கருந்து கெளம்பிடுவோம்.

வர்ற வருஷத்துக்கு கமிட்டி முடிவு பண்ணுனது: ஜூன் பயணம் வேண்டாம், அக்டோபர்ல மட்டும், ஆனா ரெண்டு வாரம், ரெண்டு பேட்ச்சா. போறதுக்கு முன்ன செட்டில்மெண்ட் ஆபீஸ்ல கேட்டு அவங்க சொல்ற வேலைய மட்டும் எடுக்கணும். வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்களக் கூட்டிட்டு வரலாமான்னு சிலபேர் கேட்டீங்க, வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க அங்க தங்கணும்னா பிஏபிங்கற பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி வேணும், அதுக்கு நாளாகும், முன்கூட்டியே சொல்லுங்க. மோலாகிட்ட பேசுற அளவுக்காவது திபெத்திய மொழி கத்துக்க ஆகஸ்ட்லருந்து ஞாயித்துக்கிழமை கிளாஸ் வைக்கிறோம், அதுக்கு வராதவங்க பேர பயண லிஸ்ட்ல சேக்க மாட்டோம்.

வரவு செலவ பொருளாளர் அண்ணன் இப்ப படிப்பாரு.

செயலாளர்