45 அடி வேண்டாம், முருகேசா

ராயபுரம், சென்னை
ஜனவரி 20

அன்புள்ள முருகேசா,

உன் கடிதமும் நீ வாங்க யோசிக்கிற மூன்று பாய்மரப் படகுகளின் படங்களும் பொங்கலுக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். மழை ஓய்ந்து கடல் தெளிய ஆரம்பித்துவிட்டது. படகிலேயே குடியிருக்கத் தங்கச்சி மல்லிகா சம்மதித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அதனால்தான் பதிலை அவசரப்படாமல் எழுதுகிறேன். இரண்டு பேர் வருஷக்கணக்கில் குடியிருக்கப் போகிற படகை உள்ளறையின் அழகைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 45 அடிப் படகை விட்டுவிடு. கேட்டமரனையும் (இரட்டை உடல் படகு) விட்டுவிடு. மலேசியாவின் லங்காவித் தீவில் நிற்கிற அந்தப் பழைய தயானா 37 படகைப் போய்ப் பார். அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதே, கீழே சொல்கிறதெல்லாம் தேறினால் மட்டும் வாங்கு.

லங்காவியிலிருந்து சென்னை சுமார் 1,200 கடல்மைல். ஒரு நாளைக்கு 120 கடல்மைல் என்று வைத்தாலும் 10 நாள் ஓட்டம். வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் படகு நங்கூரத்தில்தான் நிற்கும். புயலைத் தாங்குமா என்று நீ கேட்டது சரியான கேள்வி. ஆனால் வெயிலில், வலைக்கு நடுவில், ஆழமில்லாத தண்ணீரில் எப்படி இருக்கும் என்பதை அதற்கு முன்னால் கேட்க வேண்டும். நம் ஊரில் குடியிருக்கும் படகுக்குக் கரண்டும் தண்ணீரும் கொடுத்து நிறுத்தி வைக்க மெரீனா என்கிற படகுத்துறை கிடையாது. துறைமுகத்துக்குள் இருக்கிற ராயல் மெட்ராஸ் யாட் கிளப் பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் நல்ல இடம், குடித்தனத்துக்கு அல்ல. அடையாறும் முட்டுக்காடும் வாய் மணல் மூடிக் கிடக்கும். ஆகவே உனக்கு இருப்பிடம் கொச்சி போல்காட்டி மெரீனாவாகத்தான் அமையும். அங்கிருந்து இங்கே வர இலங்கையைச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாம்பன். பாம்பனில் தண்ணீருக்குள் 2 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும் படகு துணிந்து போவதற்கில்லை. தயானா 1.73 மீட்டர். சாமான் ஏற்றினால் இன்னும் கொஞ்சம் இறங்கும், அதையும் கணக்கில் வை.

வலைதான் என் பெரிய கவலை. நம் கரையில் ராத்திரி வழிவலை விடுகிறவர்கள் கிலோமீட்டர் கணக்கில் விடுகிறார்கள். வலையின் ஒரு முனையில் சின்ன விளக்கு இருக்கும், மறுமுனை பெரும்பாலும் இருட்டுதான். நீ அனுப்பிய 45 அடிப் படகின் அடிப்படத்தைப் பார்: குறுகலான கீல் (அடியில் இறங்கும் கனமான துடுப்பு போன்ற பாகம்), அதற்குப் பின்னால் வெட்டவெளியில் தொங்கும் செயில்டிரைவ் (எஞ்சினிலிருந்து கீழே இறங்கி புரொப்பெல்லரைச் சுழற்றும் கால்), அதற்கும் பின்னால் எந்தத் தாங்கலும் இல்லாத சுக்கான். வலையின் மேல்கயிறு கீலைத் தாண்டினால் நேராக புரொப்பெல்லரில் சுற்றும், அதிலிருந்து தப்பினால் சுக்கானின் முன்விளிம்பில் போய் மாட்டும். தயானாவில் கீல் பின்பக்கம் வரை நீண்டு, புரொப்பெல்லர் அதில் வெட்டிய இடைவெளிக்குள் இருக்கிறது. சுக்கான் கீலின் வாலிலேயே பிணைச்சல் வைத்துத் தொங்குகிறது. எஞ்சினை நியூட்ரலில் விட்டால் பெரும்பாலான வலைக்கயிறு அடியில் வழுக்கிப் போய்விடும். வலைக்காரர்களுக்கும் அதுதான் நல்லது, அறுந்த வலை அவர்கள் வயிற்றுப்பாடு.

அந்தச் செயில்டிரைவில் இன்னொரு தொல்லை. படகின் அடியில் ஒரு பெரிய ஓட்டை, அதை அடைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம். வால்வோ பென்டா 7 வருஷத்துக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்கிறது. மாற்ற எஞ்சினை நகர்த்த வேண்டும், படகைக் கரையேற்ற வேண்டும்.

கீல் விஷயம் அதைவிடக் கனமானது. புதிய பாணிப் படகுகளில் கீலைப் போல்ட் போட்டு மாட்டுகிறார்கள், அந்தப் பாரத்தைத் தாங்கும் உள்சட்டத்தை ஃபைபர் உடலோடு பசை வைத்து ஒட்டுகிறார்கள். ஒருமுறை பலமாகத் தரைதட்டினால் ஒட்டு விட்டுப்போகும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2014 மே மாதம் 'சீக்கி ராஃபிகி' என்ற 40 அடிப் படகு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்து, அதிலிருந்த நான்கு பேரும் போனார்கள். முன்பு தரைதட்டியதும் அதற்குச் செய்த பழுதுவேலையும் அந்த ஒட்டைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றுதான் பிரிட்டிஷ் விசாரணை சொன்னது. தயானாவில் இந்தப் பயம் இல்லை, வார்ப்பிரும்பு எடை ஃபைபருக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. ஆனால் கரையேற்றும்போது கீலின் அடிவிளிம்பில் விரிசலோ துருக்கசிவோ இருக்கிறதா என்று பார். தண்ணீர் உள்ளே போனால் இரும்பு ஊதி ஃபைபரைப் பிளக்கும்.

இனி தயானாவில் நோண்ட வேண்டியவை. பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் செயின்பிளேட் என்ற எஃகுப் பட்டைகளில் முடிகின்றன. அந்தப் பட்டைகள் டெக்கை, அதாவது மேல்தளத்தை, துளைத்து அலமாரிகளுக்குப் பின்னால் இறங்குகின்றன. அலமாரிப் பலகையைக் கழற்றச் சொல், கழற்ற விடாவிட்டால் திரும்பி வந்துவிடு. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பார். பட்டை டெக்கைத் தாண்டும் அந்த ஒரு அங்குலத்தில்தான் வினை. துருப்பிடிக்காத எஃகு காற்றுப் பட்டால்தான் துருப்பிடிக்காமல் இருக்கும். ஈரத்துக்குள் காற்றில்லாமல் புதைந்தால் மயிரிழை விரிசல் விடும். மரத்தில் காப்பிநிறக் கறை கோடாக இறங்கியிருந்தால் பட்டைகள் மொத்தத்தையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள். கம்பிகளுக்கு 10 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் சேர்த்துக் கழி, பல காப்பீட்டுக்காரர்களும் அந்த வயசில் மாற்றச் சொல்வார்கள். நம் வெயிலிலும் உப்பிலும் கம்பியின் கீழ்முனைக் குழாய்கள்தான் முதலில் வெடிக்கும்.

தேக்குப் பலகை பதித்த டெக் படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான திருகுகள், ஒவ்வொன்றும் ஒரு ஓட்டை. உள்ளேயிருக்கும் மென்மரம் நனைந்து கூழாகியிருக்கும். ஸ்குரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால், பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது போல, ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போ. 'டக்' என்று கூர்மையாகக் கேட்டால் சரி, 'தப்' என்று அமுங்கினால் ஊறியிருக்கிறது. வேலிக்கம்பிகளின் காலடியிலும் பாய்மரத்தைச் சுற்றியும் பொறுமையாகத் தட்டு. ஒரு கையகலம் இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் பழுதுபார்க்கலாம். டெக் பாதியும் அப்படியே கேட்டால் வாங்காதே. மத்தியானம் வெறுங்காலோடு அதில் நிற்கவும் முடியாது.

டீசல் தொட்டியையும் பார். பல தயானாக்களில் அது கறுப்பு இரும்பு, அணியத்து (முன்பக்க) படுக்கைக்கு அடியில் இருக்கும். அடியில் துரு தின்றிருந்தால் வெட்டித்தான் வெளியே எடுக்க வேண்டிவரும். எஞ்சின் ஓடிய மணிக்கணக்கை வைத்து முடிவு செய்யாதே, ஓடாமலே கிடந்த எஞ்சின்தான் அதிகம் கெடும். குளிர்ந்த எஞ்சினை உன் கண்முன் ஸ்டார்ட் செய்யச் சொல், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படு. அரைமணி நேரம் கியரில் பாரத்தோடு ஓட்டி, புகையின் நிறத்தையும் வெளியே விழும் தண்ணீரின் அளவையும் பார். புகைக்குழாயின் வளைவைக் கழற்றினால் உள்ளே உப்பும் கரியும் அடைத்திருப்பது தெரியும், சூடேறுவதற்குப் பாதி காரணம் அதுதான்.

கடல்தண்ணீர் உள்ளே வரும் வால்வுகள் ஒவ்வொன்றையும் கத்திமுனையால் சுரண்டு. மஞ்சளாக மின்னினால் நல்லது. ரோஜா நிறம் காட்டினால் துத்தநாகம் கரைந்துபோன பித்தளை, கையால் தட்டினாலே ஒடியலாம். வெண்கலம் போட்டு மாற்று.

குடித்தனக் கணக்குக்கு வருகிறேன், மல்லிகாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி. நம் சூட்டில் 12 வோல்ட் பிரிஜ் ஒரு நாளைக்கு 70 ஆம்பியர்-மணி இழுக்கும். விசிறிகள், விளக்கு, போன், லேப்டாப் எல்லாம் சேர்ந்து 50. மொத்தம் 120. நல்ல வெயிலில் 400 வாட் சோலார் அந்த 120-ஐத்தான் தரும், மேகம் போட்டால் தராது. 600 வாட் போடு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 300 ஆம்பியர்-மணி போதும். ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதால் 500-க்குக் குறைந்து கட்டாது. பிரிஜ் பெட்டியின் சுவரில் 10 செ.மீ. நுரை இருக்கிறதா என்று கேள், சோலார் கூட்டுவதைவிட அது மலிவு. தண்ணீர் ஆளுக்கு 15 லிட்டர் என்றால் 400 லிட்டர் 13 நாள் வரும். ஹாட்ச்சுகள் (மேல்தளத்துத் திறப்புகள்) காற்றை எதிர்பார்த்து முன்பக்கமாகத் திறக்கின்றனவா என்பதையும் பார். 45 அடியின் பின்னறையில் காற்று நுழைய வழியே இல்லை, சித்திரையில் அங்கே படுக்க முடியாது.

கேஸ் பெட்டியை அளந்துவிடு, நம் 5 கிலோ சிலிண்டர் நிற்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனம். பெட்டியின் அடியிலிருந்து வெளியே வடியும் குழாய் இல்லாவிட்டால் கசிவு படகின் அடியில் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

நங்கூரம் சாமான் பட்டியலில் இருக்கிறதே என்று திருப்திப்படாதே. 10 டன் படகுக்குப் புதுவகை நங்கூரம் 25 கிலோ, 10 மி.மீ. சங்கிலி 60 மீட்டர். சங்கிலி மட்டும் 135 கிலோவுக்கு மேல், ஆகவே சங்கிலியைச் சுருட்டி இழுக்கும் மின்விஞ்சு வேலை செய்யணும், கையால் இழுக்கவும் வழி இருக்கணும்.

கேட்டமரன் ஆழம் குறைவு, ஆடாது, காற்றோட்டமும் நன்று. ஆனால் நீங்கள் ஏற்றப்போகிற புத்தகமும் பாத்திரமும் தண்ணீரும் சேர்ந்தால் 38 அடிக் கேட்டமரன் தாழ்ந்துபோய் அடிவயிற்றில் அலை அறையும். மெரீனா வாடகையும் அகலத்துக்கேற்ப ஏறும்.

தயானா மெதுவான படகுதான், காற்றுக்கு எதிரே முட்டிப் போகாது. தண்ணீர்க்கோட்டு நீளம் 31 அடி, அதிகபட்சம் ஏழரை நாட், அதாவது மணிக்கு ஏழரை கடல்மைல். பருவம் பார்த்துப் போகிறவனுக்கு அது குறையில்லை.

பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வை, அது சீரமைப்புக்கு. படகைச் சோதிக்க விற்கிறவர் காட்டும் சர்வேயரை வைத்துக்கொள்ளாதே, உன் காசில் தனியாக ஒருவரைப் பிடி. கரையேற்றிக் கழுவிச் சில நாள் காய்ந்த பிறகுதான் ஈரமானி வைக்கச் சொல், நனைந்த உடலில் அளந்தால் எண்ணுக்கு அர்த்தமில்லை. விற்பனைப் பத்திரம், பழைய நாட்டுக்கொடியின் பதிவை நீக்கிய சான்று, படகின் உடலில் பொறித்த எண் மூன்றும் ஒத்துப்போகணும். அதன் மேல் கடன் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்கு.

இந்த வருஷமே கிளம்பிவிடலாம் என்று எழுதியிருந்தாய், வேண்டாம்டா. மேற்கே வர ஜனவரி முதல் மார்ச் வரைதான் வாடை கைகொடுக்கும். ஏப்ரலுக்கு மேல் வங்காள விரிகுடாவில் புயல் காலம். இப்போது வாங்கி, லங்காவியிலேயே கரையேற்றி வேலையை முடித்து, வரும் ஜனவரியில் பாய் விரி.

முன்பணம் கட்டுவதற்கு முன் செயின்பிளேட் படங்களையும் சர்வேயர் அறிக்கையையும் எனக்கு அனுப்பு. ஈரமானி அளவுகள் இருக்கிற பக்கத்தை விட்டுவிடாதே. சங்கரனுக்கும் ஒரு பிரதி போடு, எஞ்சின் பக்கத்தை அவன் பார்க்கட்டும்.

மல்லிகாவுக்கு என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
கதிரேசன்