வீட்டு விருந்தில் முனிக் விழா

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள முனிக் நகரின் அக்டோபர் பீர் விழாவை வீட்டு விருந்தாக நடத்துவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, நீல வெள்ளைத் தோரணங்களுக்கு அளித்த இடத்தில் பாதியையாவது உணவுக்கு அளித்திருக்கலாம். 1810-இல் இளவரசர் லுட்விக்கின் திருமணத்தையொட்டி நடந்த குதிரைப் பந்தயத்திலிருந்து வளர்ந்த விழா இது. பெயரில் அக்டோபர் இருந்தாலும் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும்.

வைஸ்வுர்ஸ்ட் எனப்படும் வெள்ளைச் சாசேஜைக் கொதிக்கும் நீரில் இட்டால் தோல் வெடித்துவிடும் என்பதால், கொதி அடங்கிய வெந்நீரில் சுமார் 10 நிமிடம் வைத்து, தோலை நீக்கி, இனிப்புக் கடுகு விழுதுடன் உண்பார்கள். அதுவும் நண்பகலுக்கு முன்பே உண்பதுதான் மரபு. மாலை விருந்துக்கு அதைப் பரிந்துரைத்த கட்டுரையாளரைப் பவேரியப் பாட்டிமார் எளிதில் மன்னிக்கமாட்டார்கள். மாலைக்கு முழுக்கோழி வறுவல், உப்புத் தூவிய பிரெட்சல் ரொட்டி, முள்ளங்கிச் சீவல் ஆகியவற்றோடு, கேமம்பேர் பாலாடைக்கட்டியை வெண்ணெய், வெங்காயம், பாப்ரிகா எனும் காரம் குறைந்த மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசைந்த ஒபாட்ஸ்டாவும் போதும்.

முனிக் கூடாரங்களில் 1 லிட்டர் கோப்பையில் தரப்படும் விழா பீரில் ஆல்கஹால் ஏறத்தாழ 6 சதவீதம். அந்த ஒரு லிட்டர் அளவை வீட்டிலும் பின்பற்றச் சொல்வது பொறுப்பற்றது. அரை லிட்டர் கோப்பைகளும், பீரில் சரிபாதி எலுமிச்சைச் சோடா கலந்த ராட்லரும், வண்டி ஓட்டுபவர்களுக்கு ஆப்பிள் சாறும் வைப்பதே தகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், முனிக்