என் 1966 இம்ப் கார் மறுபடி ஓடுகிறது: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணி. என் ஹில்மன் இம்ப் கார் பினாங்குத் தீவின் பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் மலைச்சாலையில் ஏறி, அத்தனை வளைவுகளையும் தாண்டி பாலேக் பூலாவ் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு கோப்பி குடித்துவிட்டு அதே வழியில் திரும்பினோம். ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை. 31 ஆண்டுகளாக வீட்டு போர்ச்சில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த வண்டி அது. அதே என்ஜின், அதே கியர்பாக்ஸ். இதில் என் உழைப்பு ஒரு பங்குதான். மற்ற பங்குகள் யாருடையவை என்று எல்லாரும் அறியவே இந்த மடல்.

இளையவர்கள் பலர் இந்த வண்டியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்காட்லாந்தில் லின்வுட் என்ற ஊரில் 1963 மே 2-ஆம் தேதி திறந்த தொழிற்சாலையில் செய்தது. மைக்கேல் பார்க்ஸ், டிம் ஃப்ரை என்ற இரண்டு இளம் பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். 1976 வரை சுமார் 440,000 வண்டிகள் வந்தன. என்ஜின் பின்னால் இருக்கும். அதுவும் பின் சக்கரங்களுக்கும் பின்னால், 45 பாகை சாய்வாகத் தொங்கும். 875 சிசி, முழுக்க அலுமினியம், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஹெட்டுக்கு (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு) மேலே. கொவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் தீயணைப்புப் பம்புக்காகச் செய்த இலேசான என்ஜினின் வழியில் வந்தது. 1965-இல் ரோஸ்மேரி ஸ்மித் என்ற பெண்மணி துலிப் ராலியை வென்றது இம்ப் ஓட்டித்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னும் பெருமையாக இருக்கிறது.

நான் இதை 1981-இல் வாங்கினேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டு. அப்போது தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் கிடையாது. நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருந்த அம்மா அப்பாவைப் பார்க்க, ஃபெரியில் வண்டியை ஏற்றி பட்டர்வொர்த் போய் இறங்குவோம். கல்யாணமாகி மனைவியை அழைத்து வந்ததும் இதில்தான்.

1994 தைப்பூசத்துக்கு மனைவி பால்குடம் எடுக்கிறாள் என்று தண்ணீர்மலைக்குப் புறப்பட்டோம். கூட்டத்தில் வண்டி நகரவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலே நின்று நின்று ஊர்ந்ததில் என்ஜின் கொதித்து, ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு, ஹெட் கேஸ்கெட், போய்விட்டது. அலுமினிய என்ஜினுக்குத் துருத்தடுப்பு மருந்து கலந்த நீர்தான் ஊற்ற வேண்டும். நான் பல ஆண்டுகள் வெறும் பைப் தண்ணீரையே ஊற்றியிருந்தேன். உள்ளே நீர்வழிகள் அரித்துப் போனதற்கு அதுவே காரணம். இந்த மாதிரிப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை மட்டும் கவனியுங்கள்.

2022-இல் என்ஜினைக் கீழே இறக்கினேன். பார்த்த எல்லாரும் சொன்னது ஒன்றே: பழைய வண்டிகளை வெட்டி விற்கும் ஹாஃப் கட் கடையில் ஒரு கஞ்சில் கார் என்ஜின் வாங்கிப் போட்டுவிடு, இரண்டு வாரத்தில் ஓடும். கெட்ட யோசனை என்று சொல்ல மாட்டேன். அது நல்ல என்ஜின்தான். ஆனால் எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். பின் கண்ணாடியைத் தூக்கினால் காதுக்குப் பக்கத்தில் கேட்குமே, அந்தச் சத்தம்.

முதல் நன்றி ஜெலுத்தோங் லேத் பட்டறைத் தௌக்கேக்கு (முதலாளிக்கு). சிலிண்டர் ஹெட்டைக் கையில் வாங்கி, மேசையில் வைத்து, நேர்க்கோலை வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தீர்கள். நடுவில் 0.3 மில்லிமீட்டர் வளைவு. அதற்கு முன் நான் கேட்ட இரண்டு பட்டறைகளில், வளைந்ததை அப்படியே சீவித் தள்ளலாம் என்றார்கள். நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். இந்த என்ஜினின் அழுத்த விகிதம் ஏற்கெனவே 10:1. அவ்வளவு சீவினால் இன்னும் ஏறும், பிறகு பெட்ரோல் தாறுமாறாக எரிந்து என்ஜின் தட்டும். ஹெட் தாழ்ந்தால் கேம் செயினும் தொய்யும். "போலே, தாப்பி லம்பாட்" என்றீர்கள். முடியும், ஆனால் நாளாகும் என்று. தடித்த இரும்புத் தகட்டில் ஹெட்டைப் போல்ட்டால் இறுக்கி, இரண்டு ஓரத்திலும் மெல்லிய தகடு செருகி, மெதுவாகச் சூடாக்கி, இரவு முழுக்க ஆறவிட்டீர்கள். மூன்று முறை இப்படி. கடைசியில் சீவ வேண்டியிருந்தது 0.1 மில்லிமீட்டர்தான்.

கிராங்க்ஷாஃப்டையும் பத்துத் தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு) அளவு தேய்த்து, மூன்று மெயின் பேரிங்குக்கும் பொருத்தமாக்கித் தந்தீர்கள். பிளாக்கில் பிய்ந்து போயிருந்த ஏழு மரைகளுக்கு ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் போட்டதும் நீங்கள்தான். அத்தனைக்கும் சேர்த்து நீங்கள் வாங்கிய தொகையை இங்கே எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. மிகக் குறைவு என்று மட்டும் சொல்கிறேன்.

ஹெட் தௌக்கேயிடம் போவதற்கு முன்பே பாலேக் பூலாவில் வெல்டிங் செய்யும் பாக் சிக்கிடம் (மலாயில் மாமா) போயிருந்தது. நீர்வழிகளைச் சுற்றி அரித்த குழிகளை டிக் வெல்டிங்கில் நிரப்பியது அவர். பழைய அலுமினியத்துக்குள் எண்ணெயும் உப்பும் ஊறியிருக்கும். சுடர் பட்டதும் கருப்பாகக் கொப்பளிக்கும். அவர் சலிக்காமல் சுரண்டி, கழுவி, சூடேற்றி, மறுபடி நிரப்பினார். ஒரே ஒரு குழிக்கு ஒரு முழு மதியம் போனது. நோன்பு மாதம் அது. ஒரு வாய்த் தண்ணீர் கூடக் குடிக்காமல் வெல்டிங் முகமூடிக்குள் அவர் உட்கார்ந்திருந்ததை நான் மறக்க மாட்டேன். தெரீமா காசே, பாக் சிக்.

என் அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். இம்பில் வால்வு இடைவெளியை ஸ்குருவைத் திருகிச் சரிசெய்ய முடியாது. வாளி மாதிரி இருக்கும் டாப்பெட்டுக்கு அடியில் ஒரு சின்ன வட்டத் தகடு உண்டு. அதை மாற்ற வேண்டும். மாற்றுவதற்குக் கேம்ஷாஃப்டை அதன் தாங்கியோடு கழற்ற வேண்டும். எட்டு வால்வுக்கும் அளந்து, கழற்றி, தகடு மாற்றி, மாட்டி, மறுபடி அளக்க வேண்டும். நாலைந்து முறை நான் தனியாகச் செய்து களைத்துவிட்டேன். தம்பி வந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, இருக்கிற தகடுகள் எல்லாவற்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து எழுதினான். எந்தத் தகட்டை எந்த வால்வுக்கு இடம் மாற்றினால் சரிவரும் என்று கணக்குப் போட்டுவிட்டான். வெளியில் தேட வேண்டியிருந்தது மூன்று தகடுகள்தான். கண்ணா, அந்தக் காலண்டர் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கியர்பாக்ஸ் பகுதிக்கு நன்றி சொல்ல வேண்டியது என் மனைவிக்கு. உதவியது, தீபாவளிக்கு ஆர்டர் எடுத்துக் கேக் செய்வதற்காக அவள் வாங்கிய பெரிய கேக் அடுப்பு. கியர்பாக்ஸின் உறையும் அலுமினியம். பேரிங் எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அதனால் உறையைச் சூடாக்கி, பேரிங்கைக் குளிரவைத்தால், அடிக்காமல் உள்ளே இறங்கிவிடும். சுத்தியலால் அடித்து இறக்கினால் உறை விரிசல் விடலாம். நான் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தபோது அவளே அடுப்பைக் காலி செய்து கொடுத்தாள். முதல்நாள் இரவே பேரிங்குகளைத் துணியில் சுற்றி, மீன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஃப்ரீசரில் வைத்தாள். மறுநாள் கையுறை போட்டு உறையை வெளியே எடுத்ததும், பேரிங் 'டக்' என்று தானாக உட்கார்ந்தது. அந்த நேரம் அவள் முகத்தில் வந்த சிரிப்பு. நம் மூத்தவள் முதலடி வைத்தபோது பார்த்த அதே சிரிப்பு. அடுப்பை அப்புறம் நான்தான் இரண்டு நாள் தேய்த்துக் கழுவினேன்.

கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ வளையங்களும், பின் அச்சின் ரப்பர் கப்ளிங்குகளும் இங்கே கிடைக்கவில்லை. என்ஜின் எண்ணெய் கசிந்து கசிந்து பழைய ரப்பர் அழுகியே போயிருந்தது. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லியில் இருக்கும் ஒரு முதியவர், தம் வண்டிக்கு என்று வைத்திருந்த புதிய ஜோடியை எனக்கு அனுப்பினார். லின்வுட் அவர் ஊருக்குப் பக்கம். 1981-இல் தொழிற்சாலை மூடப்படும் வரை அவருடைய அண்ணன் அங்கே வேலை பார்த்தாராம். பொட்டலத்துக்குள் அவர் கையால் எழுதிய ஒரு குறிப்பு: கப்ளிங்கைச் சுற்றி இறுக்கியிருக்கும் இரும்புப் பட்டையை, ஆறு போல்ட்டையும் மாட்டி முடித்த பிறகே வெட்ட வேண்டும். முன்பே வெட்டினால் ரப்பர் விரிந்து, துளைகள் சேராது. அந்தக் குறிப்பு இல்லாமல் இருந்தால் நான் முதலிலேயே வெட்டியிருப்பேன். நான் அனுப்பிய பணத்தில் தபால் செலவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஐயா, உங்களுக்குத் தமிழ் தெரியாது. என் மகள் இதைப் படித்துச் சொல்வாள்.

சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டுக்குப் பொருந்தும் யூனிவர்சல் ஜாயிண்டை, பிறை என்ற ஊரில் லோரி உதிரிபாகக் கடையில் டப்பா டப்பாவாகத் திறந்து அளந்து தேடிய இரண்டு பையன்களுக்கும் நன்றி. ரேடியேட்டருக்கு உள்ளே புதுக் கூடு போட்டு, ஒரு வரிசைக் குழாய் கூடுதலாக வைத்த தம்பிக்கும் நன்றி. இம்பில் என்ஜினிலிருந்து முன்பக்க ஹீட்டர் வரை தரைக்கு அடியில் நீளமாகக் குழாய் ஓடும். அங்கே காற்று மாட்டிக்கொண்டால் எவ்வளவு நல்ல ரேடியேட்டரும் பயன்படாது. அந்தத் தம்பி இரண்டு மணி நேரம் குழாயை அமுக்கி அமுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றினான். மலையேறும்போது முள் பாதியில் நின்றதற்கு அவனுடைய பொறுமையும் காரணம்.

சாலை வரி, காப்புறுதி, பரிசோதனை என்று அலைந்தது என் மகள். மூன்று முறை லீவு போட்டாள். டயருக்குக் காற்றடித்த பெட்ரோல் நிலையத்து அண்ணன், முன்னால் 18, பின்னால் 30 என்று நான் சொன்னதும் தவறாகச் சொல்கிறேன் என்று நினைத்து இரண்டாம் முறை கேட்டார். பாரம் முழுக்கப் பின்னால் இருப்பதால்தான் அப்படி என்று விளக்கியதும், அளவு குறையாமல் நின்று அடித்துக் கொடுத்தார். இரவில் நான் சோதனை ஓட்டம் விட்டபோதெல்லாம் ஒரு வார்த்தை குறை சொல்லாத பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் என் நன்றி.

தௌக்கே, நீங்கள் இன்னும் இது ஓடிப் பார்க்கவில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் இருப்பதாக உங்கள் மகன் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு உங்கள் வாசலுக்கே வண்டியைக் கொண்டு வருகிறேன். பின் கண்ணாடியைத் திறந்து வைக்கிறேன். பின் சீட்டில் உட்காருங்கள். பாலேக் பூலாவில் பாக் சிக்கும் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.