ராசாவுக்கு, சைப்பிரஸ் லிமசோலிலை இருந்து

ராசா,

சுகமா இருக்கிறியா? நேரத்துக்குச் சாப்பிடுறியா? மூண்டு கிழமையா நீ போன் எடுக்கேல்லை. வாட்ஸ்அப்பிலை நீலக் கோடு ரெண்டும் விழுகுது, பதில் இல்லை. அதுக்காக நான் கோவிக்கேல்லை. கடிதம் எண்டால் பாத்தாயோ இல்லையோ எண்டு காட்டாதுதானே, அதுதான் எழுதுறன்.

நீ கரப்பந்துக்குப் போறேல்லை எண்டு சித்தி சொன்னவ. பாஸ்போட் சைஸிலை படம் எடுத்தனியாம் எண்டும் சொன்னவ. எதுக்கு எண்டு நான் கேக்கேல்லை.

இஞ்சை நான் பாக்கிற யாயாவுக்கு (அம்மம்மாவை இவையள் அப்பிடித்தான் கூப்பிடுறவை) எண்பத்தாறு முடிஞ்சுது. மருந்து குடுக்கிற நேரமெல்லாம் மார்க்கோஸ் பக்தாதிஸ் எண்ட ரெனிஸ்காரன்ரை கதைதான். எங்களுக்குக் கிட்ட பரமித்தா எண்டொரு சின்னக் கிராமம், அங்கத்தைப் பெடியன். தேப்பன் லெபனானிலை இருந்து வந்த ஆள். பதின்மூண்டு வயசிலை உதவிப்பணம் கிடைச்சு, ரெனிஸ் பழகப் பாரிசுக்குப் போனவன். அங்கை அழுதழுதுதான் கிடந்தவன் எண்டு யாயா சொல்லுவா. 2006இலை மெல்பேணிலை, ஆஸ்திரேலிய ஓப்பன் போட்டியிலை, ஒருத்தரும் கணக்கிலை எடுக்காத ஆள், அமெரிக்காக்காரன் ரொடிக்கை வெண்டான். அரையிறுதியிலை நல்பாண்டியனோடை ரெண்டு செற் தோத்திட்டு மிச்சம் மூண்டையும் எடுத்தான். (பேரைக் கேட்டு நான் எங்கட ஆள் எண்டு நினைச்சிட்டன். ஆர்ஜென்டினாக்காரனாம்.) இறுதி ஆட்டம் ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை. இஞ்சை அப்ப காலமை, யாயா கோயிலுக்கும் போகேல்லையாம். பெடரரிட்டை இருந்து முதல் செற்றை 7-5 எண்டு பறிச்சவன். யாயா அதோடை கதையை நிப்பாட்டிப்போடுவா. மூண்டாம் செற் 6-0 எண்டு போனதை அவவின்ரை மகள்தான் எனக்குச் சொன்னவ. பத்து லட்சம் சனம்கூட அப்ப இல்லாத நாடு, ராசா. அந்த வருசமே உலகத்திலை எட்டாம் ஆளா வந்திட்டான்.

கோவக்காரனும்தான். 2012இலை கதிரையிலை இருந்தபடியே நாலு ரக்கெற்றை அடிச்சு முறிச்சவன், உறை கழட்டாததையும் சேத்து. அப்பப்பாவின்ரை குணம் எண்டு நினைச்சன், உன்னட்டையும் இருக்கிற குணம். உடைக்கிறதெண்டால் உடை. ஆனா அடுத்த நாள் கிரவுண்டுக்குப் போ. சாப்பிட்டிட்டுப் போ.

2019இலை விம்பிள்டனிலை அவன்ரை கடைசி ஆட்டம், நானும் யாயாவோடை இருந்து ரிவியிலை பாத்தன். பைக்குள்ளை இருந்த ரக்கெற், சப்பாத்து எல்லாத்தையும் சனத்துக்குக் குடுத்தான். யாயா அழ, நானும் அழுதன். அவ மார்க்கோசுக்கு எண்டு நினைச்சிருப்பா.

அவன் போகேக்கை தாய் ஊரிலை இருந்தவ. திரும்பி வந்தால் வீட்டிலை தாய் இருப்பா எண்டு அவனுக்குத் தெரியும். எங்கட வீட்டிலை பிள்ளை இருந்தது, தாய்தான் போனது. நீ அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் சோதினை எழுதின வருசம். பாஸ் பண்ணினதை நான் போனிலைதான் கேட்டனான். எல்லாருக்கும் சொன்னனான், யாயாவுக்கும்.

ஒண்டு சொல்லவேணும். உன்ரை மாவட்ட இறுதிக்கு லீவு இல்லை எண்டு சொன்னனான் எல்லே. லீவு இருந்தது. யாயாவின்ரை மகள் டிக்கெற்றும் எடுத்துத் தாறன் எண்டவ. நான்தான், காசாத் தாங்கோ எண்டு வாங்கி வீட்டுக் கூரை வேலைக்கு அனுப்பினனான். வந்தால் திரும்பிப் போக மனம் வராது எண்டு பயம். இல்லை, அதுவும் முழு உண்மை இல்லை. நீ என்னை ஆரோ போலப் பாத்திடுவாய் எண்டுதான் பயந்தனான்.

நீ அண்டைக்குத் தோத்திட்டு வந்து சாப்பிடாமல் படுத்தனியாம். சித்தி இப்பதான் சொல்லுறா.

ஆரும் ஏஜென்சிக்காரர் இனிக்க இனிக்கக் கதைச்சால், முதல் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லு. நான் பேசமாட்டன். பேச எனக்கு என்ன உரித்து.

இஞ்சை சப்பாத்து மலிவு விலைக்குப் போட்டிருக்கு. வாற வெள்ளி ஊருக்குப் போற ஒரு ஆள் கொண்டுபோய்த் தருவார். கடைக்குள்ளை ஒரு சோடியைக் கையிலை வைச்சுக்கொண்டு கன நேரம் நிண்டன். நான் வரேக்கை உனக்கு மூண்டாம் நம்பர். ஒரு கடுதாசியிலை காலை வைச்சுச் சுத்திவரக் கீறி, அதைப் படம் எடுத்து அனுப்பு. கதைக்க விருப்பமில்லாட்டிக் கதைக்க வேண்டாம், படம் மட்டும் அனுப்பு.

அம்மா