செயலாளரின் ஆண்டறிக்கை: சுவர் யாருக்கு?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொங்கல் விழாவும் சிறுவர் ஓவியப் போட்டியும் நன்றாகவே நடந்தன. உழைத்தவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன, அனைவருக்கும் நன்றி.

இந்த அறிக்கையில் பெரும்பகுதியை நம் ஓவிய வட்டத்துக்கு ஒதுக்குகிறேன். 1970களில் இசைக் கச்சேரிகள் நடத்தி இனவெறியை எதிர்த்த 'இனவெறிக்கு எதிரான ராக்' என்ற பிரிட்டிஷ் இயக்கத்தின் சுவரொட்டிகளை அவர்கள் இந்த ஆண்டு எடுத்துப் படித்தார்கள். நாம் குடியிருக்கும் கிழக்கு லண்டனின் கதை இது. நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போகக் கூடாது என்பது என் ஆசை.

1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் ராக் இசைக் கலைஞர் எரிக் கிளாப்டன், குடியேறியவர்களை எதிர்த்த அரசியல்வாதி ஈனாக் பவலுக்கு ஆதரவாகப் பேசினார். ஜமைக்காவின் கறுப்பின ரெகே பாடகர் பாப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. புகைப்படக்காரர் ரெட் சாண்டர்ஸ், வடிவமைப்பாளர் ரோஜர் ஹடில் முதலியோர் இசைப் பத்திரிகைகளுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். இயக்கம் அதிலிருந்துதான் பிறந்தது. முதல் கச்சேரி அந்த நவம்பரிலேயே, ஃபாரஸ்ட் கேட்டில் பிரின்சஸ் ஆலிஸ் பப்பில் நடந்தது. நம்மில் பலர் பஸ்ஸில் கடந்து போகிற இடம்தான்!

கறுப்பினத்தவர் ரெகே குழுவும் வெள்ளையர் பங்க் ராக் குழுவும் ஒரே மேடையில் ஏறுவது அவர்கள் வழக்கம். ஆகவே தேதி, இடம், குழுக்களின் பெயர் என்று சாதாரணமாக அச்சிட்டாலே சுவரொட்டிக்குள் அரசியல் வந்துவிடும். தனியாக முழக்கம் தேவைப்படவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1977 மே தினத்தன்று 'டெம்பரரி ஹோர்டிங்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். மடித்தால் பத்திரிகை, விரித்தால் சுவரொட்டி. ரூத் கிரகரி, சிட் ஷெல்டன் போன்றவர்கள் அதை வடிவமைத்தார்கள். கிழித்து ஒட்டிய படங்கள், புள்ளி புள்ளியாகப் பெரிதாக்கிய முகங்கள், சாய்ந்தும் மோதியும் ஓடும் எழுத்துகள். அதே காலத்தில், இனவெறிக் கட்சியான நேஷனல் ஃபிரண்டை (என்.எஃப்.) எதிர்த்த நாஜி எதிர்ப்பு அணிக்கு வடிவமைப்பாளர் டேவிட் கிங் செய்தது வேறு மாதிரி: தடித்த பெரிய எழுத்து, கனமான கோடுகள், வட்டத்துக்குள் சிவப்பு அம்பு. சோவியத் சுவரொட்டிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். அந்தப் பாடம் அவர் கையில் தெரிகிறது. எது சிறந்தது என்று வட்டத்தில் நல்ல சண்டை நடந்தது. சாலைக்கு எதிர்ப்புறம் நின்று பார்ப்பவருக்குக் கிங், கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு 'ஹோர்டிங்' என்பது என் கட்சி.

இயக்கமும் நாஜி எதிர்ப்பு அணியும் சேர்ந்து 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை ஊர்வலம் போனார்கள். தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்ரே ஸ்பெக்ஸ், டாம் ராபின்சன் குழு ஆகிய இசைக் குழுக்கள் அங்கே வாசித்தார்கள். கூட்டம் 80,000 என்பார்கள். அதற்கு நான்காம் நாள், மே 4 அன்று, ஒயிட்சாப்பலில் தையல் தொழிலாளி அல்தாப் அலி இனவெறித் தாக்குதலில் குத்திக் கொல்லப்பட்டார். கச்சேரியைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்று வட்டத்தினர் முடிவு செய்தது சரியான முடிவு.

அந்தக் காலத்தில் இங்கே வந்து சேர்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார்: "சுவரில் என்.எஃப். என்று பெயின்டில் எழுதியிருந்தால் அந்தத் தெருவையே விட்டுச் சுற்றிப் போவோம். அதன் மேலேயே ஒருநாள் கச்சேரி போஸ்டர் ஒட்டியிருந்தது. அன்றைக்கு நேராகப் போனேன்." நேஷனல் ஃபிரண்ட் பிடித்து வைத்திருந்த சுவரைப் பசை வாளியும் தூரிகையுமாகப் போய் மீட்டிருக்கிறார்கள். வடிவமைப்பு எப்படி இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல விமர்சனம் எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பரில் ஸ்க்ரீன் பிரிண்டிங் (துணித்திரை வழியே மையை இழுத்து அச்சிடுவது) பயிற்சி வைத்தோம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன் வேண்டும், ஆகவே இரண்டே நிறம். கறுப்பை முதலில் இழுத்து, காய்ந்த பிறகு சிவப்பு. தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் நாங்கள் அச்சிட்ட நட்சத்திரத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்துவிடும். பிள்ளைகள் அதைத் திருத்தப் போனார்கள். அப்படியே இருக்கட்டும் என்றேன். கையால் செய்த தாளுக்கு அது அழகு.

அப்புறம், நம் இசை விழாச் சுவரொட்டி. ஆதரவாளர்களின் படங்கள் வரிசையாக நிறைந்து, பாடுகிறவர் பெயர் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. ஆதரவாளர்களுக்கு நம் நன்றி என்றும் உண்டு. அதை விழா மலரில் முழுப் பக்கமாகச் சொல்லலாம். வரும் ஆண்டு முதல் சுவரொட்டியில் கலைஞர்கள், தேதி, இடம் மட்டும் இருக்க வேண்டும், வடிவமைப்பை ஓவிய வட்டமே செய்ய வேண்டும் என்று முன்மொழிகிறேன். வழிமொழிய விரும்புவோர் தேநீர் இடைவேளைக்கு முன் தலைவரிடம் பெயர் கொடுக்கவும்.

இங்ஙனம்,
செயலாளர்